பதினேழாம் ஷரத்து

மூன்றாம் எண் வீட்டை வாங்கியபோது
பத்திரத்தை முழுதாகப் படிக்கவில்லை.
யார்தான் படிக்கிறார்கள்?
விவாகரத்துப் பணம் கையில் சூடாக இருந்தது.
ஆளுயரம் போல் இரண்டு மடங்கு ஜன்னல்கள்.
"ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று, மேடம்,
இந்தத் தூண்கள் வார்ப்பிரும்பு" என்றார் தரகர்.
தட்டிப் பார்த்தேன்,
தர்ப்பூசணியைத் தட்டுவதுபோல்.

படுக்கையறைச் சுவரில் பதித்த இரும்புச் சக்கரம்
அலங்காரம் என்று நினைத்தேன்.
துண்டு காயப்போட வசதியாக இருந்தது.

முதல் கோடையில் தரை வியர்த்தது.
பலகை இடுக்குகளில் மஞ்சள் பிசுக்கு;
சோடா, வினிகர், வெந்நீர்
ஒன்றுக்கும் மசியவில்லை.
எதிர்வீட்டு டெஸ்மண்ட் சக்ளிஃப்
மண்டியிட்டு மோந்துவிட்டு
"ஆடு" என்றான்.
யார்க்‌ஷயர் மலையில் மேய்ந்து செத்த
எத்தனையோ ஆயிரம் ஆடுகளின் ரோமக் கொழுப்பு.
குடித்த மரம்
வெயில் பட்டதும் கக்குகிறது.
அந்த ஜூலை முழுக்க வெறுங்காலோடு நடந்தேன்.
குதிகால் வெடிப்பு ஆறிவிட்டது.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை.
இரண்டு மணிக்குக் கதவை யாரோ இடித்தார்கள்.
ஒன்பதாம் எண் ப்ரூடென்ஸ் ஆக்டன்,
இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டு,
கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரம்.
வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவள்;
அவள் மட்டும் படித்திருக்கிறாள்.
"பதினேழாம் ஷரத்து.
நீர்மட்டம் குறிக்கல்லைத் தாண்டினால்
மதகைத் திறக்க வேண்டியது
மூன்றாம் எண் வீட்டார்.
துண்டை எடு."

கீழே கார் நிறுத்துமிடத்தில்
ஷஃபீக்கின் புதுக் கார் மிதந்துகொண்டிருந்தது,
விளக்குகள் தானாக எரிந்து எரிந்து அணைய.

சக்கரம் அசையவில்லை.
நான், ப்ரூடென்ஸ், டெஸ்மண்ட்,
பிறகு பேண்ட் மட்டும் போட்ட ஷஃபீக்.
சமையலறை ஆலிவ் எண்ணெய் முழுப் புட்டியையும் ஊற்றினோம்.
டெஸ்மண்ட் குனிந்து
பலகை இடுக்கின் பிசுக்கை விரலால் வழித்து
அச்சில் தடவினான்.
எது வேலை செய்தது என்று தெரியாது.
ஒரு பல் நகர்ந்தது.
பல் பிடுங்கும் ஆஸ்பத்திரியில் உதவியாளர் நான்;
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

பிறகு ஆறு
எங்கள் கால்களுக்குக் கீழே
வந்த வழியை நினைத்துக்கொண்டது.
கப்புகள் அலமாரியில் கிணுகிணுத்தன.
ஐந்து மாடியும் ஒரே உடம்பாக நடுங்கியது.
நான்காம் மாடியிலிருந்து ஒரு குழந்தை
படியில் நின்று கேட்டது:
"வீடு கிளம்பிடுச்சா?"
அதற்குப் பதில் எங்கள் யாரிடமும் இல்லை.

விடிவதற்குள் தண்ணீர் வடிந்தது.
கார் பிழைக்கவில்லை.
டெஸ்மண்ட் டீ போட்டான், சர்க்கரை மறந்து.
உள்ளங்கைக் கொப்புளங்களோடு வேலைக்குப் போனேன்;
கையுறை போட முடியவில்லை,
அன்று முழுக்கத் தொலைபேசி எடுக்கும் வேலை கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து நிர்வாகக் கம்பெனியின் கடிதம்:
பாரம்பரியச் சின்னத்தை
முன் அனுமதியின்றி இயக்கியதற்கு
அறுபது பவுண்டு அபராதம்.

முகப்புக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள்
பழைய கூலிப் பேரேட்டின் ஒரு பக்கம் தொங்குகிறது.
அழகுக்காக மாட்டியது.
"டார்க்கஸ் ஹெய்க், ஐந்து நிமிடம் தாமதம்,
இரண்டு பென்ஸ்."
தினமும் அதைக் கடந்துதான் போகிறேன்.
அன்று நின்றேன்.
டார்க்கஸ், நீ கட்டினாயா?
கட்டியிருப்பாய். கூலியிலேயே பிடித்திருப்பார்கள்.

நான் இன்னும் கட்டவில்லை.
ப்ரூடென்ஸ் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்,
மூன்று பக்கம் தாண்டிவிட்டது.

துண்டு இப்போது நாற்காலியில் காய்கிறது.
மழை என்று வானொலி சொன்னால்
படுக்கையை ஒரு கை அகலம்
சக்கரத்துப் பக்கம் நகர்த்திப் போடுகிறேன்.